டெமோவுக்குப் போகும்போது கையில் மூன்று டிஸ்க்: டென்டல் மில்லிங் மெஷினைச் சோதித்து வாங்கும் முறை

டென்டல் மில்லிங் மெஷின் கிரவுனையும் (பல்மேல் போடும் உறை) பிரிட்ஜையும் (இணைந்த பல் வரிசை) வட்டமான டிஸ்கிலிருந்து வெட்டித் தருகிறது. டெமோவில் விற்பனைக்காரர் வெட்டிக் காட்டும் மூன்று பல் பிரிட்ஜ் எப்போதும் அழகாகத்தான் வரும். டூல் புதிது, டிஸ்க் அவருக்குப் பழகியது, ஃபைல் நூறு முறை ஓட்டிப் பார்த்தது. 60,000 ஆர்பிஎம், ஐந்து ஆக்ஸிஸ், டூல் மேகஸினில் எத்தனை இடம் என்பதெல்லாம் பிரசுரத்திலேயே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள அங்கே போக வேண்டியதில்லை. டிஸ்கைத் திருப்பிப் போடும்போது மையம் நகர்கிறதா, கோலெட் (டூலைக் கவ்வும் பிடி) டூலை நேராகப் பிடிக்கிறதா, காலையில் வந்த அளவு மாலையிலும் வருகிறதா என்பவை எந்தப் பிரசுரத்திலும் இருக்காது. கிரவுன் டையில் (தேய்த்த பல்லின் மாதிரியில்) உட்காருவதும் உட்காராததும் இவற்றைப் பொறுத்தது.

ஆகவே நம் டிஸ்க், நம் ஃபைல், நம் அளவுகருவிகளோடு ஒரு முழு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். தர மறுக்கும் இடத்தில் வாங்காமல் இருப்பது நல்லது.

எடுத்துப் போக வேண்டியவை

20 மிமீ கனமுள்ள, 98.5 மிமீ விட்டமுள்ள பிஎம்எம்ஏ (தற்காலிகப் பல்லுக்கான அக்ரிலிக் பிளாஸ்டிக்) டிஸ்க் இரண்டு. நாம் வழக்கமாக வாங்கும் ஜிர்கோனியா (அடுப்பில் சுட்டுக் கெட்டியாக்கும் செராமிக்) டிஸ்க் ஒன்று. 0 முதல் 25, 25 முதல் 50 மிமீ வரை அளக்கும் மைக்ரோமீட்டர்கள். 0.001 மிமீ காட்டும் லீவர் டயல் (முனையால் தொட்டு நகர்வைக் காட்டும் அளவி), மேக்னட்டிக் ஸ்டாண்ட், சின்ன வைஸ். மெஷின் கோலெட்டின் அளவில் ஒரு கேஜ் பின் (துல்லிய விட்டமுள்ள உருளைக் கம்பி); டிஸ்க் மெஷின்களில் ஷாங்க் (கோலெட் பிடிக்கும் டூல் தண்டு) பெரும்பாலும் 3, 4 அல்லது 6 மிமீ. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப். வெர்னியர் போதாது. 0.01 காட்டினாலும் அதன் துல்லியம் 0.02 அளவில்தான் இருக்கும், நாம் தேடும் பிழையும் அதே அளவுதான்.

அளவுச் சோதனைக்கு ஜிர்கோனியாவை எடுக்காததற்குக் காரணம் உண்டு. சின்டர் ஆகும்போது (அடுப்பில் சுடும்போது) ஜிர்கோனியா சுருங்கும் என்பதால் அதைப் பெரிதாக வெட்டுவார்கள். அந்தப் பெருக்கம், அதாவது ஸ்கேல் ஃபேக்டர், 1.23 என்றால், வெட்டும்போது நேர்ந்த 25 மைக்ரான் பிழை சின்டர் ஆனபின் 20 மைக்ரானாகச் சுருங்கிவிடும். மெஷினின் குற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கை அடுப்பு மறைத்துவிடுகிறது. பிஎம்எம்ஏ எதையும் மறைக்காது, உடனே அளக்கலாம். ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிஎம்எம்ஏ வெப்பத்தில் நன்றாக விரியும். 40 மிமீ துண்டு 10 டிகிரி சூடாக இருந்தால் ஏறக்குறைய 0.03 மிமீ நீளம் கூடிவிடும். வெட்டி எடுத்ததும் கையில் வைத்து அளந்தால் பிழை மெஷினுடையதா, கைச்சூட்டினுடையதா என்று தெரியாது. துண்டையும் மைக்ரோமீட்டரையும் ஒரே மேசையில் அரை மணி நேரம் வைத்துவிட்டு அளக்கவும்.

ஃபைல்களை ஸ்கேனரிலிருந்து எடுக்கக் கூடாது. கேட் (டிசைன்) சாஃப்ட்வேரில் நேரடியாக வரைந்த எஸ்டிஎல் (முப்பரிமாண வடிவ) ஃபைல் வேண்டும். அளவு முன்பே தெரிந்த உருவம் என்பதால் ஸ்கேனர் மீதோ டிசைன் மீதோ பழியைத் திருப்ப யாருக்கும் இடம் இருக்காது.

முதல் வேலை: ஸ்பிண்டில்

டூலைச் சுழற்றும் தண்டுதான் ஸ்பிண்டில். டிஸ்க் போடும் முன், கேஜ் பின்னைக் கோலெட்டில் மாட்டி டயலை வைக்கவும். மெஷினை அணைத்துவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். கோலெட் வாய்க்குப் பக்கத்தில் ஒன்று, 20 மிமீ கீழே ஒன்று என இரண்டு இடத்தில் படிக்கவும். பின்னைக் கழற்றி, வேறு கோணத்தில் திருப்பி மாட்டி, மூன்று முறை இதையே செய்யவும்.

புது மெஷினில் வாய்க்குப் பக்கத்தில் 5 மைக்ரானுக்குள் இல்லையென்றால் கேள்வி கேட்கலாம். மேலே 2, கீழே 15 என்று வந்தால் ஸ்பிண்டில் பேரிங் பெரும்பாலும் குற்றவாளி அல்ல; கோலெட் கூம்பில் தூசி இருக்கிறது அல்லது பின் வளைந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் கோலெட் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்காக இருக்கிறது. டெமோ மெஷின்களில் இது அடிக்கடி வரும், யாரும் கோலெட்டைக் கழுவுவதில்லை. கூம்புக்கான பிரஷ்ஷால் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பிரஷ்ஷே இல்லை என்று சொன்னால் அவர்களின் சர்வீஸ் எப்படி இருக்கும் என்பதற்கும் அதுவே பதில்.

இதற்கு இவ்வளவு கவனம் எதற்கு என்றால், இரண்டு வெட்டுவாய் கொண்ட டூல் 30,000 ஆர்பிஎம்மில், நிமிடத்துக்கு 900 மிமீ ஃபீடில் (நகரும் வேகத்தில்) போகும்போது ஒவ்வொரு வாயும் ஒரு சுற்றில் 15 மைக்ரான் கடிக்கிறது. டயலில் 10 மைக்ரான் ரன்அவுட் (சுழலும்போது மையம் விலகி ஆடுவது) இருந்தால் ஒரு வாய் 25 கடிக்கும், மற்றது 5 தான் கடிக்கும். வேலை முழுக்க ஒரு வாயின் தலையில் விழுகிறது. அது சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய வாய் வெட்டுவதை விட்டு உடைக்கத் தொடங்கும். மார்ஜின் (கிரவுனின் விளிம்பு) சில்லு போவதன் ஆரம்பம் பல நேரம் இங்கேதான். 0.6 மிமீ டூல் காரணமில்லாமல் முறிவதும் இதனால்தான்.

ஆர்பிஎம் எண்ணைவிட ஷாங்க் அளவையும் மெஷினின் எடையையும் பாருங்கள். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 6 மிமீ ஷாங்க் 3 மிமீயைவிடப் பதினாறு மடங்கு வளையாதது. கோலெட்டுக்கு வெளியே நீட்டிய நீளம் 20லிருந்து 24 மிமீ ஆனால் வளைவு 1.7 மடங்காகிவிடும். ஜிர்கோனியாவும் பிஎம்எம்ஏயும் மட்டும் வெட்டுகிற லேபுக்கு 3 மிமீ போதும். கோபால்ட் குரோமையும் டைட்டானியத்தையும் கட்டியாக வெட்ட வேண்டுமென்றால் கனமான அடித்தளம், தடித்த ஷாங்க், குறைந்த வேகத்திலும் முறுக்கு விசை தரும் ஸ்பிண்டில் எல்லாம் வேண்டும். மேசைமேல் வைக்கும் சின்ன மெஷினில் உலோகமும் ஓடும் என்று சொன்னால் ஓடும்தான், டூல் செலவு கையைக் கடிக்கும்.

முதல் பிஎம்எம்ஏ டிஸ்க்: ஐந்து கம்பங்கள்

இந்த ஒரு சோதனைக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் இதை மட்டும் செய்துவிட்டு வரலாம்.

8 × 8 மிமீ சதுரம், 14 மிமீ உயரம் கொண்ட கம்பம் ஒன்றை வரையவும். மேல் முகத்தில் எக்ஸ் திசையைக் காட்டும் அம்புக்குறி ஒன்றைப் பொறிக்கவும். இதே கம்பத்தை டிஸ்கின் நடுவில் ஒன்று, நடுவிலிருந்து 35 மிமீ தள்ளி நான்கு திசையிலும் ஒவ்வொன்று என ஐந்தாக வைக்கவும். மேல் பாதி மேலிருந்தும் கீழ் பாதி டிஸ்கைத் திருப்பியும் வெட்டும்படி கேம்மில் (வெட்டும் பாதையைக் கணக்கிடும் சாஃப்ட்வேரில்) பிரிகோட்டை நட்ட நடுவில் அமைக்கவும். எக்ஸ் ஆக்ஸிஸைச் சுற்றித் திரும்பும் ஏ ஆக்ஸிஸ்தான் டிஸ்கைத் திருப்புகிறது என்று வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். சில மெஷினில் பெயர் மாறியிருக்கும்.

வெட்டி முடிந்ததும் கம்பத்தின் மேல் பாதியை மட்டும் வைஸில் பிடித்து, டயலை மேல் பாதியிலிருந்து கீழ் பாதிக்கு ஓட்டவும். நடுவில் ஒரு படி தெரியும். அந்தப் படியைப் படிப்பது இப்படி:

ஐந்து கம்பங்களிலும் ஒய் திசையில் ஒரே அளவு படி இருந்தால், மெஷின் நினைத்துக்கொண்டிருக்கும் சுழல்மையம் உண்மை மையத்திலிருந்து தள்ளியிருக்கிறது. படியில் பாதிதான் பிழை, 0.02 படி என்றால் 0.01 திருத்தினால் போதும். முழு 0.02 திருத்திவிட்டு, படி எதிர்ப்பக்கம் போய்விட்டதே என்று திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருப்பது இந்தத் தொழிலில் சகஜம். திருத்திய பின் படி இரட்டிப்பானால் கூட்டல் கழித்தலை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

நடுக் கம்பம் சரியாக இருந்து, ஓரக் கம்பங்களில் மட்டும் படி இருந்தால் சுழலச்சு எக்ஸுக்கு இணையாக இல்லை. தூரம் கூடக் கூடப் படியும் கூடும். இதை எண் தட்டித் திருத்தும் வசதி சில மெஷினில் உண்டு, சிலவற்றில் போல்ட்டைத் தளர்த்தித்தான் நேராக்க முடியும். எந்த வகை என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்து உயரம். 14 மிமீ கம்பம் ஐந்திலும் ஒரே மாதிரி 14.03 வந்தால் சுழல்மையத்தின் உயரம் தவறு, இங்கும் பாதி அளவே பிழை. முன்பக்கக் கம்பம் உயரம் கூடி, பின்பக்கக் கம்பம் குறைந்திருந்தால், திருப்பும் கோணம் முழு 180 டிகிரி இல்லை.

திருத்துவதற்கான இடம் பயன்படுத்துபவருக்குத் திறந்திருக்கிறதா, ஆட்டோ கேலிப்ரேஷன் முடிந்த பின்னும் கையால் மைக்ரான் கணக்கில் திருத்த முடியுமா என்பதுதான் வாங்கும் முன் பார்க்க வேண்டிய அம்சங்களில் எனக்கு முதலாவது. ஆட்டோ கேலிப்ரேஷன் ஜிக்கைத் தொட்டுப் பார்த்துக் கணக்கிடுகிறது. வெட்டும்போது டூல் வளைவது அதற்குத் தெரியாது. எல்லாம் சர்வீஸ் பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருந்தால், ஒவ்வொரு ஆறு மாதமும் எஞ்சினியருக்காகக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது டிஸ்க்: எல் துண்டும் இரட்டை முகமும்

இரு கைகளும் 40 மிமீ நீளம், 10 மிமீ அகலம், 12 மிமீ உயரம் கொண்ட எல் வடிவம். மூலையில் 6 மிமீ துளை.

40 மிமீ இடத்தில் 0.04 கூடி, 10 மிமீ இடத்தில் 0.01 மட்டும் கூடினால் ஆக்ஸிஸின் ஸ்கேல் பிழை, நீளத்துக்கேற்ப வளர்கிறது. இரண்டிலும் ஒரே 0.03 கூடி, துளை அதே அளவு சிறுத்திருந்தால் ஆக்ஸிஸ்மேல் குற்றமில்லை, டூல் தேய்ந்து விட்டம் குறைந்திருக்கிறது. கிரவுனில் இதே நிலை வந்தால் உள்பக்கம் இறுகும், வெளிப்பக்கம் பருக்கும். பலர் சிமென்ட் கேப்பை (கிரவுனுக்கும் பல்லுக்கும் இடையே விடும் இடைவெளியை) கூட்டிச் சமாளிப்பார்கள். டூலை மாற்றிய அன்று எல்லாக் கிரவுனும் தொளதொள என்று வரும், அப்போதுதான் காரணம் தேடுவார்கள்.

அதே டிஸ்கில் 10 × 10 மிமீ தட்டையான முகம் ஒன்று; பாதியை 2 மிமீ டூலாலும் மறுபாதியை 1 மிமீ டூலாலும் முடிக்கவும். இரண்டுக்கும் இடையே டயலில் தெரியும் படி, டூல் நீளம் அளக்கும் சென்சாரின் பிழை. 10 மைக்ரானுக்கு மேல் வந்தால் சென்சார் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வெட்டவும். துடைத்ததும் சரியானால், தூசி விழும் இடத்தில் சென்சாரை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மூடியோ காற்று ஊதும் துளையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

காலையில் மெஷினை ஆன் செய்ததும் ஒரு எல், நடுவில் மற்ற வேலைகள், மூன்று மணி நேரம் ஓடிய பின் இன்னொரு எல். ஸ்பிண்டில் சூடாகும்போது நீளும். உயரத்தில் அது தெரியும். வேலைகளுக்கு நடுவே டூலை மெஷின் தானே மறுபடி அளந்துகொண்டால் வித்தியாசம் சிறிதாக இருக்கும்.

ஐந்தாவது ஆக்ஸிஸ் வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரு கணக்கு. நான்கு ஆக்ஸிஸ் மெஷினில் ஒரே திசையில்தான் டிஸ்க் சாயும். இன்னொரு திசையில் அண்டர்கட் (டூல் நேராக எட்டாத உட்குழிவு) இருந்தால் டிஸ்குக்குள் பிரிட்ஜையே சாய்த்து வைக்க வேண்டும். 45 மிமீ பிரிட்ஜ் 1.23 ஸ்கேலில் 55 மிமீ ஆகிறது; அதை 15 டிகிரி சாய்த்தால் உயரம் 14 மிமீ கூடுகிறது. 16 மிமீ டிஸ்கில் முடிகிற வேலைக்கு 25 மிமீ டிஸ்கும் போதாமல் போகலாம். ஒற்றைக் கிரவுனும் மூன்று பல் பிரிட்ஜும் மட்டுமே செய்தால் நான்கே போதும். சாய்ந்த மோலார்மேல் நீண்ட பிரிட்ஜ், இம்ப்ளான்ட் பார், கோணத்தில் போகும் ஸ்க்ரூ துளை எல்லாம் வந்தால் ஐந்து வேண்டும்.

ஜிர்கோனியா டிஸ்க்

மார்ஜின் கனம் 0.10, 0.15, 0.20, 0.30 என நான்கு கோப்பிங் (கிரவுனின் உள்ளுறை), ஒரு 40 மிமீ பிரிட்ஜ். கோப்பிங்குகளைச் சின்டர் செய்யும் முன்பே, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து லூப்பில் பார்க்கவும்.

0.10 மட்டும் சிதைந்திருந்தால் அது இயல்பு, டிசைனில் 0.15க்குக் கீழே போகாதீர்கள். நான்கிலும் சுற்றிலும் சிதறலாகச் சில்லு இருந்தால் மழுங்கிய டூல் அல்லது ரன்அவுட். கனெக்டர் (துண்டை டிஸ்கோடு பிடித்திருக்கும் காம்பு) பக்கத்தில் மட்டும் இருந்தால், கனெக்டர் மார்ஜினை ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது அது மெலிந்த பிறகும் பெரிய டூல் ஓடித் துண்டை அதிர வைத்திருக்கிறது. உள்பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு வெளிப்பக்கம் போகிறதா, மார்ஜினுக்கு மட்டும் தனியாக மெல்லிய பாஸ் இருக்கிறதா என்பதை கேம்மில் பாருங்கள். ஒரே மெஷினில் கேம் டெம்ப்ளேட்டை மாற்றியதும் மார்ஜின் பளிச்சென்று வருவதுண்டு. மெஷினோடு கொடுக்கும் கேம்மில் அந்த டெம்ப்ளேட்டைத் திருத்த முடியாதென்றால், மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

பிரிட்ஜ் ஸ்கேல் ஃபேக்டருக்கானது. டிஸ்கில் 1.230 என்று அச்சிட்டிருக்க, 1.225 என்று தட்டினால் 40 மிமீ பிரிட்ஜ் 39.84 ஆகிவிடும். ஒற்றைக் கிரவுனில் அது 0.04 மிமீக்குள் அடங்கி, சிமென்ட் கேப்பில் ஒளிந்துகொள்ளும். பிரிட்ஜ் இரண்டு முனையிலும் ஆடும். அதனால் ஒவ்வொரு டிஸ்குக்கும் தனி எண்ணை மூன்று நான்கு தசமம் வரை தட்ட இடம் வேண்டும். சொந்தக் கம்பெனி டிஸ்கை மட்டும் படிக்கும் பூட்டு இருந்தால் விலைப் பட்டியலை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே இடத்தில் ஒரு நுட்பம்: 1 மிமீ டூல் ஜிர்கோனியாவில் வெட்டிய உள்மூலை, சுருங்கிய பிறகு 0.81 மிமீ டூல் வெட்டியது போல் இருக்கும். பிஎம்எம்ஏயில் 1 மிமீதான். டாக்டர் தேய்த்த முன்பல்லின் விளிம்பு கத்தி போலிருந்தால், ஒரே டிசைன் ஜிர்கோனியாவில் உட்காரும், டெம்பரரியில் உட்காராது. டூல் காம்பன்சேஷன் (டூல் புகாத கூர்மூலைக்காகக் கூடுதலாகக் குடையும் அளவு) மதிப்பைப் பொருளுக்குப் பொருள் மாற்ற வேண்டும்.

காற்று, தூசி, கரண்ட்

ஸ்பிண்டில் காற்றால் கோலெட்டைத் திறக்கும் வகை என்றால், கம்ப்ரஸர் மெஷினின் ஒரு பாகம் என்று நினைத்துப் பட்ஜெட் போடவும். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்பது சென்னையில் சாதாரண நாள். நிமிடத்துக்கு 100 லிட்டர் காற்று உறிஞ்சும் கம்ப்ரஸர் அந்த நிலையில் எட்டு மணி நேரம் ஓடி 7 பாருக்கு அழுத்தினால், சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் பிரிந்து நிற்கும். அது டேங்கில் நின்றால் வடித்துவிடலாம், ஹோஸ் வழியாகப் போனால் ஸ்பிண்டில் பேரிங்குக்குப் போகும். எண்ணெயில்லாத கம்ப்ரஸர், ரெஃப்ரிஜரேஷன் டிரையர், கடைசியில் நுண்ஃபில்டர், தானே வடியும் டிரெயின் வால்வு ஆகிய நான்கும் வேண்டும். ஹோஸ் முனையை ஒரு கண்ணாடித் துண்டுக்கு நேரே ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். மங்கினால் அந்தக் காற்றை மெஷினில் விடாதீர்கள்.

வேக்குவம் ஹெப்பா ஃபில்டரோடு, மெஷினோடு சேர்ந்து தானே ஆன் ஆகும்படி இருக்க வேண்டும். உறிஞ்சல் குறைந்தால் மெஷின் நிற்கிறதா என்று பைப்பைக் கழற்றிச் சோதிக்கவும். பிஎம்எம்ஏ சீவல் நிலைமின்சாரத்தால் ஒட்டிக்கொள்ளும், அதற்கு அயனைசர் இருந்தால் சுத்தம் செய்யும் நேரம் குறையும். ஏர் கன்னால் மெஷினுக்குள் ஊதுவது மட்டும் வேண்டாம். தூசி லீனியர் கைடுக்குள் புகுந்து அரைக்கும்.

ஈரத்திலும் உலர்விலும் ஒரே மெஷின் ஓடும் என்பது கேட்க நன்றாக இருக்கும். லித்தியம் டைசிலிகேட் (கண்ணாடிச் செராமிக்) தண்ணீரில்தான் அரைபட வேண்டும், ஜிர்கோனியா உலர்வாக ஓடுவதே நல்லது. இரண்டுக்கும் நடுவே அறையை முழுக்கத் துடைத்து உலர்த்தாவிட்டால் ஜிர்கோனியாத் தூசி மிச்ச ஈரத்தோடு குழைந்து வடிகாலையும் சீல்களையும் அடைக்கும். நாளுக்கு ஒருமுறை மாற்றுகிற லேபுக்கு இது சரிப்படும். மணிக்கொருமுறை மாற்ற வேண்டியிருந்தால் தனித்தனி மெஷின்.

கடைசியாக, வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லுங்கள். விற்பனைக்காரர் தயங்குவார். கரண்ட் வந்ததும் ஹோம் பொசிஷன் போய், கையில் இருந்த டூலைச் சரியாக அடையாளம் கண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா? தொடர்ந்தால் முடிந்த துண்டில் அந்த இடத்தில் கோடு விழுந்திருக்கிறதா? பிறகு காற்றுக் குழாயையும் பிடுங்கிப் பாருங்கள். ஸ்பிரிங்கால் பிடித்து, காற்றால் திறக்கும் கோலெட் டூலை விடாது. அழுத்தம் குறைந்ததும் ஸ்பிண்டில் நிற்க வேண்டும். மெஷினையும் கம்ப்யூட்டரையும் யுபிஎஸ்ஸில் போடலாம், கம்ப்ரஸரையும் வேக்குவத்தையும் சின்ன யுபிஎஸ் தாங்காது. எனவே கரண்ட் போனால் மெஷின் தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு கண்டிப்பாக வேண்டும்.

வெட்டிய ஐந்து கம்பங்கள், எல் துண்டுகள் எல்லாவற்றிலும் தேதியும் மெஷின் மணிக்கணக்கும் எழுதிப் பையில் போட்டு வைக்கவும். மெஷினை லேபில் நிறுவிய அன்று இன்ஸ்டலேஷன் தாளில் கையெழுத்துப் போடும் முன் அதே ஃபைல்களை மறுபடி வெட்ட வேண்டும். லாரியில் வந்து, மாடிப்படி ஏறிய மெஷினில் ஒய் படி டெமோவில் இருந்த அளவிலேயே இருக்காது.